‘நோ’ என்று சொல்ல ‘கே’ எதற்கு?

‘தெரியும்’ என்று ஆங்கிலத்தில் எழுத நான்கு எழுத்து வேண்டும்: கே, என், ஓ, டபிள்யூ. வாயில் வருவது வெறும் ‘நோ’. ‘இல்லை’ என்பதற்கும் அதே ‘நோ’தான், ஆனால் அதை எழுத என்-னும் ஓ-வும் போதும். ‘இப்போது’ என்பதற்கு என், ஓ, டபிள்யூ. அதை ‘நவ்’ என்று வாசிக்க வேண்டும். ‘நவ்’வுக்கு முன்னால் ஒரு கே-யை வைத்தால் அது எப்படி ‘நோ’வாக மாறுகிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டால், பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் இதுதான்: “அது சைலண்ட் லெட்டர். கேள்வி கேக்காம மனப்பாடம் பண்ணு.”

பிள்ளையின் கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. அந்தக் கே அச்சுப்பிழையில் வந்ததல்ல, யாரும் அழகுக்காக ஒட்டவைத்ததும் அல்ல. இங்கிலாந்து மக்கள் ஆயிரம் ஆண்டு அளவுக்கு அதை வாய்விட்டு உச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அது எப்படித் தொலைந்தது என்று தேடிப் போனால், வழியில் நம்முடைய ‘ஞானம்’, ‘ஞாபகம்’ என்ற சொற்களையும் பார்க்க நேரும். அவற்றிலும் இதே மாதிரி ஒரு மெய் தொலைந்திருக்கிறது.

இரண்டு ‘நோ’க்களும் குழம்பாமல் இருக்க, ‘தெரியும்’ என்னும் வினைச்சொல்லை இந்தக் கட்டுரையில் ‘கே-நோ’ என்றே எழுதுகிறேன்.

## கே பேசிய காலம்

பழைய ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் ‘க்னாவன்’. அப்போது கே என்ற எழுத்து அவர்களிடம் அவ்வளவாகப் புழங்கவில்லை. க் ஒலிக்கு சி-யைத்தான் எழுதினார்கள். 1066-இல் நார்மன் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் கைக்கு வேலை வந்தது. அவர்கள் பழக்கத்தில் சி-க்கு ‘ஸ்’ என்ற ஒலியும் உண்டு. குழப்பம் வரக்கூடிய இடங்களில் சி-யை எடுத்துவிட்டுக் கே-யைப் போட்டார்கள். ஆக, கே என்ற எழுத்து பின்னால் வந்தது, க் என்ற ஒலி முதலிலிருந்தே இருந்தது.

கே, என் என்று தொடங்கும் மற்றச் சொற்களுக்கும் இதே கதைதான். முழங்காலைக் குறிக்கும் ‘நீ’, கத்தி என்னும் ‘நைஃப்’, முடிச்சு என்னும் ‘நாட்’, குதிரை வீரன் என்னும் ‘நைட்’ எல்லாமே ‘க்ன’ என்று தொடங்கியவை. ஆங்கிலத்தின் பங்காளி மொழிகளைக் கேட்டால் இது உறுதியாகும். ஜெர்மானியர்கள் முழங்காலை இன்றைக்கும் ‘க்னீ’ என்கிறார்கள், முடிச்சை ‘க்னோட்டன்’ என்கிறார்கள். டச்சு, ஸ்வீடிஷ் மொழிகளிலும் அந்தக் க் அப்படியே காதில் விழுகிறது. விட்டவர்கள் ஆங்கிலேயர்கள் மட்டும்தான்.

சரி, ‘க்னாவன்’ எப்படி ‘நோ’ ஆனது? மூன்று மாற்றங்கள்.

1. கடைசியில் இருந்த ‘அன்’ உதிர்ந்தது. பழைய ஆங்கில வினைச்சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வால் இருந்தது, எல்லாவற்றிலும் போயிற்று.

2. நடுவில் இருந்த நெடில் ஆ, தென் இங்கிலாந்தில் 12, 13-ஆம் நூற்றாண்டுகள் வாக்கில் ஓ-வை நோக்கி நகர்ந்தது. கல்லைக் குறித்த ‘ஸ்டான்’ இப்படித்தான் ‘ஸ்டோன்’ ஆயிற்று, வீட்டைக் குறித்த ‘ஹாம்’ ‘ஹோம்’ ஆயிற்று. வடக்கே இந்த நகர்வு நடக்கவில்லை. அங்கே அந்த ஆ வேறு வழியில் போனதால், ஸ்காட்லாந்துப் பேச்சில் வீடு ‘ஹேம்’, கல் ‘ஸ்டேன்’.

3. முன்னால் இருந்த க் போனது. இது கடைசியாக நடந்தது, மிகவும் பிந்தி.

டபிள்யூ-வும் சும்மா நிற்கவில்லை. ஒரு காலத்தில் அது உதட்டைக் குவித்துச் சொன்ன மெய். ஆங்கிலேயர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது கவனியுங்கள். நம் ‘நோ’வைப் போல ஓ-வில் நிற்க மாட்டார்கள். ‘நோஉ’ என்று உதடு குவிந்து முடியும்.

## ‘நவ்’வும் ‘கே-நோ’வும்: பிள்ளையின் கேள்விக்குப் பதில்

ஓ, டபிள்யூ என்ற ஒரே சோடி ஓர் இடத்தில் ‘அவ்’ என்றும் இன்னோர் இடத்தில் ‘ஓ’ என்றும் ஒலிப்பதற்குக் காரணம், இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்து ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டதுதான்.

‘இப்போது’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘நூ’ என்றார்கள். மாட்டுக்குக் ‘கூ’, ‘எப்படி’ என்பதற்கு ‘ஹூ’. நெடில் ஊ-வை ஓ-யு அல்லது ஓ-டபிள்யூ என்று எழுதுவது பிரெஞ்சு எழுத்தர்களின் பழக்கம். பிறகு 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் ஒட்டுமொத்தமாக இடம் பெயர்ந்தபோது ஊ எல்லாம் ‘அவ்’ பக்கம் போயிற்று. இன்றைய நவ், கவ், ஹவ் மூன்றும் அப்படி வந்தவை.

‘கே-நோ’வின் டபிள்யூ அப்படி இல்லை. அது சொல்லிலேயே பிறந்த மெய். ஊதுவதைக் குறிக்கும் ‘ப்ளோ’, எறிவதைக் குறிக்கும் ‘த்ரோ’, விதைப்பதைக் குறிக்கும் ‘ஸோ’ எல்லாம் முன்பு ‘ப்ளாவன்’, ‘த்ராவன்’, ‘ஸாவன்’ என்று இருந்தவை. ‘கே-நோ’வின் இறந்தகாலம் ‘ந்யூ’, ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்னும் எச்ச வடிவம் ‘நோன்’ என்று வருவதைப் போலவே, ‘ப்ளோ’வுக்கு ‘ப்ளூ, ப்ளோன்’, ‘த்ரோ’வுக்கு ‘த்ரூ, த்ரோன்’ என்று வருகிறது. ஒரே குடும்பம், ஒரே நடை. இவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு மனப்பாடச் சுமை பாதி குறையும்.

## க் போன விதம்

இரண்டு மெய்கள் சொல்லின் தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டால் வாய்க்கு அது சிரமம். தப்பிக்க இரண்டு வழி உண்டு. நடுவே ஓர் உயிரைச் செருகலாம், அல்லது ஒரு மெய்யை விட்டுவிடலாம்.

இரண்டையும் தமிழ் காலங்காலமாகச் செய்துவருகிறது. ‘ஸ்நேகம்’ என்பதைச் ‘சிநேகம்’ என்றும் ‘க்ராமம்’ என்பதைக் ‘கிராமம்’ என்றும் ஆக்கியது முதல் வழி. ‘ஸ்தலம்’ ‘தலம்’ ஆனதும், ‘ஸ்கந்தன்’ ‘கந்தன்’ ஆனதும் இரண்டாம் வழி.

ஆங்கிலமும் இரண்டு வழியிலும் போயிருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட டென்மார்க் அரசர் ‘க்னூட்’. அவர் 1035-இல் இறந்தார். பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் நடுவே ஓர் அ-வைச் செருகி அவரைக் ‘கனியூட்’ ஆக்கினார்கள். தினமும் புழங்குகிற வினைச்சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் லண்டன் பேச்சில் அதன் க் மெல்ல மறைந்தது. என்-னுக்கு முன்னால் இருந்த ஜி-யும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் போயிற்று. கொறிப்பதைக் குறிக்கும் ‘நா’ என்ற சொல்லில் ஜி-யை இன்றும் எழுதுகிறோம், சொல்வதில்லை. ‘ரைட்’, ‘ராங்’ என்பவற்றின் முன்னால் நிற்கும் டபிள்யூ-வும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

தமிழில் வாய் மாறியதும் எழுத்தும் மாறிவிட்டது. ‘கந்தன்’ என்று சொன்னவர்கள் ‘கந்தன்’ என்றே எழுதினார்கள். ஆங்கிலத்தில் எழுத்து முந்திக்கொண்டது. வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தது 1476-இல். அடுத்த இருநூறு ஆண்டுகளில் அச்சகங்கள் பெரும்பாலான சொற்களுக்கு ஒரு வடிவத்தை நிலைப்படுத்திவிட்டன. க் தொலையத் தொடங்கிய நேரத்தில் கே காகிதத்தில் உறைந்துபோயிருந்தது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் அகராதியை வெளியிட்டபோது, காதில் விழாத அந்தக் கே-யை யாரும் எடுக்கத் துணியவில்லை. எடுத்திருந்தால் ‘இல்லை’யும் ‘தெரியும்’ என்பதும் இன்னும் நெருங்கியிருக்கும், ‘இரவு’க்கும் ‘குதிரை வீர’னுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் வந்திருக்கும். காதால் பிரிக்க முடியாததைக் கண்ணாவது பிரித்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

## க், க, ஜ: மூன்றும் ஒரே இடத்திலிருந்து

1786 பிப்ரவரியில் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். அவர் அங்கே நீதிபதி. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் இன்று இல்லாத ஏதோ ஒரு பொது மொழியிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்றார். 1822-இல் யாக்கோப் கிரிம் இந்த உறவுக்கு ஒலிக் கணக்கு எழுதினார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த இரு சகோதரர்களில் ஒருவர் இவர்தான். லத்தீனிலும் கிரேக்கத்திலும் மெல்லோசை க (ஆங்கில ஜி எழுத்தின் ஒலி) இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் வல்லோசை க் வரும் என்பது அவர் கணக்கின் ஒரு வரி. அந்தக் க-வில் ஒரு வகை சமஸ்கிருதத்தில் ஜ-வாக நிற்கிறது.

கணக்கு சரியாக இருக்கிறதா என்று மூன்று சொற்களில் போட்டுப் பார்க்கலாம்.

1. முழங்கால். ஆங்கிலத்தில் பழைய ‘க்னீ’, லத்தீனில் ‘கெனு’, சமஸ்கிருதத்தில் ‘ஜானு’. யோகா வகுப்பில் தலையை முழங்காலில் வைக்கச் சொல்லும் ‘ஜானு சிரசாசன’த்தில் இருப்பது இந்த ஜானுதான்.

2. உறவினர், குலம். ஆங்கிலத்தில் ‘கின்’, லத்தீனில் ‘கெனுஸ்’, சமஸ்கிருதத்தில் ‘ஜன’. ஜனங்கள், ஜனத்தொகை எல்லாம் இங்கிருந்து வந்தவை.

3. அறிதல். ஆங்கிலத்தில் ‘க்னாவன்’, பழைய லத்தீனில் ‘க்நோஸ்கோ’, கிரேக்கத்தில் ‘கிக்னோஸ்கோ’, சமஸ்கிருதத்தில் ‘ஜ்ஞா’.

இந்த ‘ஜ்ஞா’விலிருந்துதான் ‘ஜ்ஞானம்’ பிறந்து தமிழுக்கு வந்தது. வந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழும் ஆங்கிலமும் உறவு என்று சிலர் கிளம்புவதற்கு இந்த மாதிரிச் சோடிகள்தான் தீனி. தமிழ் அந்தக் குடும்பம் இல்லை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸும் 1856-இல் விரிவாகப் பாதிரியார் கால்டுவெல்லும் காட்டிவிட்டார்கள். நம் சொந்தச் சொல் ‘அறி’. மலையாளத்தின் ‘அறியும்’, தெலுங்கின் ‘எறுக’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். ‘ஞானம்’ நம் வீட்டுக்கு வாழ வந்த சொல். ரொம்ப நாளாகிவிட்டதால் பிறந்த வீடு மறந்துபோயிற்று, அவ்வளவுதான்.

## மூன்று வீட்டில் ஒரே திருட்டு

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ‘கே-நோ’வின் மூல வேருக்கு முன்னால் இருந்த மெய், தனித்தனியாக மூன்று மொழிகளில், வெவ்வேறு நூற்றாண்டுகளில் தொலைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூக்கொலி தப்பித்திருக்கிறது, அதற்கு முன்னால் நின்றதுதான் பலி. அதோடு, சொல்லின் முதலில் தொலைந்த அதே மெய், முன்னால் ஓர் அசை வந்த இடங்களில் பிழைத்துக் கிடக்கிறது.

லத்தீன். ‘க்நோஸ்கோ’ லத்தீனிலேயே ‘நோஸ்கோ’ ஆகிவிட்டது. ஆங்கிலத்துக்கு இந்த வழியில் வந்த ‘நோட்டீஸ்’, ‘நோஷன்’, ‘நோபிள்’ எதிலும் முதல் மெய் கிடையாது. (‘நோபிள்’ என்றால் முதலில் ‘பலருக்கும் தெரிந்தவர்’ என்றுதான் பொருள்.) ஆனால் ‘இக்னரன்ஸ்’, ‘காக்னிஷன்’, ‘ரெகக்னைஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இ’, ‘கா’, ‘ரெக’ என்ற அசைகளின் முதுகில் சாய்ந்து அந்த ஜி உயிரோடு இருக்கிறது.

ஆங்கிலம். தனியே நிற்கும் ‘கே-நோ’வில் க் இல்லை, ‘நாலெட்ஜ்’ என்பதிலும் இல்லை. ஆனால் பதிவுத் தபாலோடு சேர்த்து அனுப்பி, கையெழுத்தாகித் திரும்பி வந்த அட்டையை எப்படிச் சொன்னோம்? ‘அக்னாலெட்ஜ்மென்ட்’. லண்டன்காரரும் அங்கே க் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘அக்’ என்று ஓர் அசை மூடிக்கொள்ள, அடுத்த அசை ‘னா’ என்று தொடங்குகிறது. இரண்டு மெய்யும் ஆளுக்கு ஓர் அசையில் உட்கார்ந்துவிட்டதால் சண்டை இல்லை.

தமிழ். ‘ஜ்ஞானம்’ என்பதிலிருந்து ஜ் போய் ‘ஞானம்’ ஆயிற்று. ‘அறியச் செய்வது’ என்று பொருள்படும் ‘ஜ்ஞாபகம்’ என்பதும் அதே வழியில் ‘ஞாபகம்’ ஆயிற்று. ஆனால் ‘அஞ்ஞானம்’, ‘விஞ்ஞானம்’ என்று எழுதும்போது ஏன் இரண்டு ஞ வருகிறது? முதல் ஞ், காணாமல்போன ஜ்-ஜின் நாற்காலி. ‘பிரக்ஞை’, ‘பிரதிக்ஞை’ என்ற சொற்களில் அதே இடத்தில் ஒரு க் உட்கார்ந்திருக்கிறது. அவையும் இதே ‘ஜ்ஞா’தான். இவற்றையெல்லாம்விட வேடமிட்டு வந்தது ‘விண்ணப்பம்’. ‘தெரியப்படுத்துதல்’ என்ற பொருளுள்ள ‘விஜ்ஞாப்ய’ பிராகிருதத்தின் வழியே வரும்போது ஜ்ஞ என்பது ண்ண ஆகிவிட்டது. ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொடுக்கும் விண்ணப்பமும் ஆங்கிலேயரின் ‘கே-நோ’வும் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் நம்புவது கடினம், ஆனால் அப்படித்தான்.

வட இந்தியாவில் இந்த ஜ்ஞ வேறு திசைகளில் சிதறியது. இந்திக்காரர் ‘க்யான்’ என்கிறார், மராத்தியர் ஏறக்குறைய ‘த்ந்யான்’ என்கிறார். யாருமே அதைச் சேதாரமில்லாமல் சொல்லவில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஞானம், ஞானசேகரன், ஞானம்மாள் என்று பெயருள்ளவர்கள் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பெரும்பாலும் ஜி, என் என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த ஜி-யைத் தமிழில் யாரும் உச்சரிப்பதில்லை. வங்கி கவுன்டரில் இருக்கும் வெளிமாநில ஊழியர் ‘மிஸ்டர் கெனானம்’ என்று கூப்பிடும்போதுதான் அப்படி ஓர் எழுத்து இருப்பதே பெயருக்கு உரியவருக்கு நினைவு வரும். ‘கே-நோ’வின் கே எப்படியோ, இந்த ஜி-யும் அப்படித்தான்: எழுத்தில் உண்டு, வாயில் இல்லை.

## ஒரே சொல், பல வேலை

பழைய ஆங்கிலத்தில் ‘தெரியும்’ என்பதற்கு மூன்று வினைச்சொற்கள் இருந்தன. செய்தி தெரிவதற்கு ‘விட்டன்’. ஆளையோ பொருளையோ அடையாளம் தெரிவதற்குக் ‘க்னாவன்’. செய்யத் தெரிவதற்குக் ‘குன்னன்’. ஜெர்மன் இன்றும் செய்திக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறது. பிரெஞ்சும் அப்படியே. ஆங்கிலம் முதல் வேலையையும் ‘கே-நோ’வின் தலையில் கட்டிவிட்டது. அதனால் இன்று அதற்கு இத்தனை பொருள்:

1. ஒரு செய்தி உண்மை என்று தெரிந்திருத்தல். ‘அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.’
2. ஒருவரோடு பழக்கம் இருத்தல்.
3. ஓர் இடத்தையோ துறையையோ நன்கு அறிந்திருத்தல்.
4. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிதல். நல்லது எது, கெட்டது எது என்று தெரிவது இந்த வகை.
5. பட்டு அனுபவித்தல். ‘வறுமை அறிந்தவர்’ என்று நாமும் சொல்கிறோம்.
6. ஆணும் பெண்ணும் கூடுதல். இது எபிரேய மொழியின் ‘யாதா’ என்ற சொல்லை விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் நேராகக் கொண்டுவந்ததால் வந்தது. ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் ஆதாம் ஏவாளை ‘அறிந்தான்’ என்று தமிழ் விவிலியத்திலும் அப்படியே இருக்கிறது.

இவை போக, பேச்சின் நடுவே மூச்சு வாங்க வரும் ‘யூ நோ’ ஒன்று உண்டு. அதற்குப் பொருள் கிடையாது. நம் ‘வந்து’ மாதிரி.

கைவிடப்பட்ட ‘விட்டன்’ முழுதாகச் சாகவில்லை. சாட்சியைக் குறிக்கும் ‘விட்னஸ்’, அறிவுள்ள என்னும் ‘வைஸ்’ ஆகியவற்றில் அது இருக்கிறது. அதன் வேருக்குப் ‘பார்த்தல்’ என்று பொருள். லத்தீன் வழியாக வந்த ‘வீடியோ’வும் சமஸ்கிருதத்தின் ‘வேதம்’, ‘வித்தை’யும் அதே வேர். பார்த்ததுதான் தெரிந்தது என்ற கணக்கு. தொடர்பே இல்லாத தமிழ் அதே கணக்கைத் தானாகப் போட்டிருக்கிறது. ‘மலை தெரிகிறது’ என்றால் கண்ணுக்கு, ‘கணக்கு தெரியும்’ என்றால் மூளைக்கு.

## தமிழ் பேசுபவர் தடுக்கி விழும் இடங்கள்

எழுத்துக்கூட்டலில் பெரிய சிக்கல் இல்லை. ‘நாலெட்ஜ்’ எழுதும்போது ஜி-க்கு முன்னால் டி விடுபடும், ‘ந்யூ’ எழுதும்போது இறந்தகாலத்துக்குப் பதில் ‘புதிய’ வந்து விழும், அவ்வளவுதான். தடுக்குவது வாக்கிய அமைப்பில்.

1. ‘ஐ ஆம் நோயிங்’. இது தவறு என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்லமாட்டார்கள். தமிழையே சாட்சிக்கு அழைக்கலாம். ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்போம். ‘எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யாராவது சொல்வார்களா? தெரிவது நாம் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை, நம்மிடம் இருக்கும் நிலை. அதனால்தான் தமிழ் ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குகிறது. ஆங்கிலம் ‘ஐ’ என்றுதான் தொடங்கும், ஆனாலும் நிலை என்ற உணர்வு அங்கேயும் உண்டு. அதனால் ‘இங்’ ஒட்டாது.

2. ‘அவரைப் பத்து வருஷமாகத் தெரியும்.’ இதை அப்படியே பெயர்த்தால் ‘ஐ நோ ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ என்று வரும். ஆங்கிலத்தில் ‘ஐ ஹாவ் நோன் ஹிம்’ என்று இருக்க வேண்டும். அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை நீள்வதைச் சொல்ல நமக்கு ‘ஆக’ என்ற ஒட்டு போதும். அவர்களுக்கு அந்தப் பொறுப்பை வினைச்சொல்தான் சுமக்கிறது.

3. ‘கேம் டு நோ’. அலுவலகக் கடிதங்களிலும் புகார் மனுக்களிலும் இது இல்லாத பக்கம் அரிது. ‘தெரியவந்தது’ என்பதன் அச்சு அசல் பெயர்ப்பு. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க வாசகருக்கு அது நாள்போக்கில் மெல்ல மெல்லப் புரிந்துகொண்ட ஒன்றைச் சொல்வது போல ஒலிக்கும். நேற்று மதியம் காதில் விழுந்த செய்திக்கு அவர் ‘ஹேர்ட்’ என்றோ ‘ஃபவுண்ட் அவுட்’ என்றோதான் சொல்வார். இந்திய ஆங்கிலத்தில் இது ஊன்றிவிட்ட வழக்கு. நம் ஊருக்குள் எழுதும் கடிதத்தில் இதை அடித்துத் திருத்துவது வீண் வேலை என்பது என் கருத்து.

4. ‘அவரைத் தெரியுமா?’ இதற்கு ஆம் என்று சொன்னால் தமிழில் பெயரைக் கேள்விப்பட்டதும் அடங்கும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதும் அடங்கும். ஆங்கிலத்தில் நேரே ‘ஐ நோ ஹிம்’ என்றால் பழக்கம். கேள்விப்பட்டது மட்டும் என்றால் நடுவே ‘ஆஃப்’ போட வேண்டும், அவரைப் பற்றிய விவரம் தெரியும் என்றால் ‘அபவுட்’. நேர்முகத் தேர்வில் ஒரு முதலாளியின் பெயரைச் சொல்லி இப்படிக் கேட்டால், இந்தச் சின்னச் சொல்லை விட்டுவிடுவது பொய் சொன்னதில் போய் முடியும்.

## ‘எனக்கு நீந்தத் தெரியும்’

ஐந்தாவதாக ஒரு தடுக்கல் இருக்கிறது. அதைத் தனியாக எடுத்துவைத்ததற்குக் காரணம் உண்டு. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதை ‘ஐ நோ டு ஸ்விம்’ என்கிறோம். ஆசிரியர் திருத்துவார்: ஒன்று நடுவே ‘ஹவ்’ போடு, இல்லாவிட்டால் ‘ஐ கேன் ஸ்விம்’ என்று சொல். ‘கேன்’ என்றால் ‘முடியும்’ என்றும் சொல்லித்தருவார். அப்புறம் நமக்குச் சந்தேகம் வரும். தெரியும் என்பது வேறு, முடியும் என்பது வேறு ஆயிற்றே?

இப்போது வேறுதான். ஆனால் ‘கேன்’ என்பது, மேலே சொன்ன மூன்று பழைய வினைச்சொற்களில் மூன்றாவதான ‘குன்னன்’ என்பதன் மிச்சம். அதற்குப் பொருள் ‘தெரியும்’. வேரும் ‘கே-நோ’வின் அதே வேர். ‘ஐ கேன் ஸ்விம்’ என்று முதலில் சொன்ன ஆங்கிலேயர் ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்றுதான் சொன்னார். தெரிந்தவனுக்குச் செய்ய முடியும் என்ற வழியில் பொருள் நகர்ந்து, பிறகு உடல் வலு, அனுமதி, வாய்ப்பு எல்லாவற்றுக்கும் பரவிற்று. இதே குடும்பத்தில் ‘கன்னிங்’ என்ற சொல் ஒரு காலத்தில் கற்றறிந்தவருக்கான பாராட்டு, இன்று குள்ளநரிக்கு உரிய அடைமொழி. ‘அன்கூத்’ என்றால் வெறும் ‘தெரியாதது’ என்று இருந்தது. தெரியாத ஊர், தெரியாத ஆள், அதனால் ஒரு மாதிரியான ஆள் என்று இறங்கி இறங்கி இப்போது ‘நாகரிகமில்லாத’ என்பதில் வந்து நிற்கிறது.

‘கேன்’-இன் இறந்தகாலம் ‘குட்’. அதை எழுத சி, ஓ, யு, எல், டி என்று ஐந்து எழுத்து. நடுவே இருக்கும் எல்-லை யாரும் சொல்வதில்லை. இதுவும் கே மாதிரி முன்பு ஒலித்துப் பிறகு அடங்கியதாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பழைய ஆங்கிலத்தில் அது ‘கூதெ’, நடுக்கால ஆங்கிலத்தில் ‘கூடெ’. எல் எங்குமே இல்லை. ‘வுட்’, ‘ஷுட்’ என்ற இரண்டு துணைவினைகளில் எல் முறைப்படி இருந்தது, ஏனென்றால் அவற்றின் மூலமான ‘வில்’, ‘ஷல்’ இரண்டிலும் எல் உண்டு. 1500-களை ஒட்டி எழுதியவர்கள், மூன்றும் ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று ‘குட்’டுக்கும் ஓர் எல்-லைச் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். அது அப்படியே அச்சேறி, இன்றுவரை நம் பிள்ளைகளின் டிக்டேஷன் நோட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.